ஆங்கிலச் சிற்றூரில் காசி மன்னரின் கிணறு

இங்கிலாந்து என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன இலண்டன் மாநகரும், தேம்ஸ் நதியின் பாலங்களும், நாடாளுமன்றத்தின் மணிக்கூண்டுமே ஆகும். அந்நாட்டிலும் எண்ணற்ற சிற்றூர்கள் உள்ளன என்பதையும், அங்கும் ஒரு காலத்தில் வானத்தைப் பார்த்து மழைக்கு ஏங்கிய ஏழை எளியோர் வாழ்ந்தனர் என்பதையும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அத்தகைய சிற்றூர் ஒன்று நம் பாரத நாட்டோடு, அதிலும் புண்ணிய நகரமாகிய காசியோடு, தண்ணீரால் உறவு பூண்டிருக்கிறது. அவ்வூரின் பெயர் ஸ்டோக் ரோ என்பது.

நாம் அவ்வூரை நேரில் கண்டதில்லை. ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதிக் காலங்கழிக்கும் நமக்குக் கடல் கடக்கும் வாய்ப்பு எளிதில் வாய்ப்பதன்று. நூல்களில் படித்தும் படங்களில் பார்த்தும் அறிந்த செய்திகளையே இங்கு அன்பர்கள் முன் வைக்கிறோம். பிழைப்பின் பொருட்டுச் சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நம் போன்ற குடும்பங்கள் இவ்வரலாற்றை அறிந்துகொள்வது நலம் என்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

ஊரும் சூழலும்

இலண்டனுக்கு மேற்கே ரெடிங் என்னும் நகரம் இருக்கிறது. 1840ஆம் ஆண்டிலேயே இருப்புப்பாதை வந்தடைந்த நகரம் அது. அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ ஒன்பது மைல் சென்றால் சில்டர்ன் குன்றுகள் எனப்படும் மேட்டு நிலத்தில் ஸ்டோக் ரோ அமைந்திருக்கிறது. இது ஆக்ஸ்போர்டுஷயர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்வோர் ஏறத்தாழ 650 பேர். நம் நாட்டுக் கணக்கில் இதனைக் குக்கிராமம் என்றே சொல்லிவிடலாம்.

ஊரைச் சுற்றிலும் பீச் மரக்காடுகள். பழங்காலத்தில் இக்குன்றுப் பகுதியில் நாற்காலிக் கால்களைக் கடைந்து விற்பதும், களிமண்ணைத் தோண்டிச் செங்கல் சுடுவதும் மக்களின் தொழில்களாய் இருந்தன. ஊர் நடுவே ஒரு பசும்புல் வெளி. 1846இல் கட்டப்பட்ட புனித யோவான் ஆலயம். அதற்கும் முன்னதாக 1815இல் எழுந்த சிறு தொழுகைக்கூடம். பழைமை வாய்ந்த விடுதிகள் சில. ஆங்கில நாட்டுப்புறத்தில் இவை எவ்வூரிலும் காணக்கூடியனவே. ஆனால் வழிப்போக்கர் இவ்வூரின் தெருவில் நடந்து செல்லும்போது, சாலையோரத்தில் திடீரென ஓர் இந்திய மண்டபம் எதிர்ப்படும். தூண்கள் தாங்கிய வட்டக் குவிமாடம். அதன் கீழே கைச்சக்கரம் பொருந்திய இறைவைப் பொறி. அப்பொறியின் மீது பொன்னிறம் பூசிய யானை ஒன்று. மண்டபத்தில் காசி மகாராஜாவின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. இதுவே மகாராஜா கிணறு.

மழை பெய்தும் நீரில்லை

இங்கிலாந்தில் மழைக்குப் பஞ்சமில்லை என்பதை யாவரும் அறிவர். அப்படியிருக்க, இவ்வூருக்குத் தண்ணீர்க் கஷ்டம் ஏன் வந்தது என்ற கேள்வி எழக்கூடும். காரணம் நிலத்தின் அமைப்பேயாகும். சில்டர்ன் குன்றுகள் வெண்மையான சுண்ணப் பாறையால் ஆனவை. சல்லடையில் ஊற்றிய நீர் போல மழைநீர் இப்பாறை வழியே நெடுந்தூரம் கீழே இறங்கிவிடுகிறது. மேட்டின்மேல் ஆறும் இல்லை, ஓடையும் இல்லை. மேலே படிந்துள்ள களிமண்ணைச் செங்கலுக்காகத் தோண்டிய பள்ளங்களிலும் குட்டைகளிலும் தேங்கும் கலங்கல் நீரையே மக்கள் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தினர். கோடையில் அதுவும் வற்றிவிடும். ஒரு வீட்டில் காய்கறி வேகவைத்த நீரையே அடுத்த வீட்டார் வாங்கி மீண்டும் சமைக்கப் பயன்படுத்தினர் என்றும், துணி துவைக்கும் நாள் தள்ளிக்கொண்டே போயிற்று என்றும், தாகம் பொறுக்காமல் வீட்டிலிருந்த தண்ணீரைத் திருட்டுத்தனமாய்க் குடித்த சிறுவர்களைத் தாய்மார் கடுமையாய் அடித்தனர் என்றும் அக்காலச் செய்திகள் கூறுகின்றன.

ஒன்பது மைல் தொலைவில் ரெடிங் நிலையத்தில் நீராவி இயந்திரங்கள் நீரை நிரப்பிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்த காலம் அது. உலகின் பெரும்பகுதியை ஆண்ட நாட்டிலேயே ஒரு தாய் தன் மகனை ஒரு குவளைத் தண்ணீருக்காக அடித்தாள் என்பது நெஞ்சை உருக்குவதாகும்.

தொலைதேசத்தில் சொன்ன ஊர்க்கதை

ஸ்டோக் ரோவுக்கு அருகே இப்ஸ்டன் என்றொரு ஊர் உண்டு. அவ்வூர்ப் பெருநிலக்கிழாரின் மக்களுள் ஒருவர் எட்வர்டு ஆண்டர்டன் ரீடு. இவர் 1807இல் பிறந்தவர். இளவயதிலேயே இந்தியாவுக்கு வந்து, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வடமேற்கு மாகாணங்களில் அரசுப் பணி புரிந்தார். புகழ்பெற்ற நாவலாசிரியரான சார்லஸ் ரீடு இவருடைய தம்பியாவார். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது ஆக்ராவில் துணைநிலை ஆளுநர் காலமாகவே, சில நாட்கள் அப்பொறுப்பையும் ரீடு ஏற்றார்.

அக்காலத்தில் காசி மன்னராய் விளங்கியவர் ஈசுவரி பிரசாத் நாராயண சிங். 1835 முதல் 1889 வரை அரசு வீற்றிருந்தவர். காசிக்குச் சென்று வந்த அன்பர்கள், கங்கையின் மறுகரையில் இராமநகரக் கோட்டையைக் கண்டிருப்பர். அதுவே மன்னரின் இருப்பிடம். முன்பு முகல்சராய் என்று வழங்கி, 2018 முதல் பண்டித தீனதயாள் உபாத்யாயா சந்திப்பு என வழங்கும் பெரிய ரயில் நிலையத்திலிருந்து அது அதிகத் தொலைவன்று.

மன்னருக்கும் ரீடுக்கும் நெருங்கிய நட்பு நிலவியது. ரீடு 1831ஆம் ஆண்டில் ஆசம்கட்டில் பொதுமக்களுக்காக ஒரு கிணறு வெட்டுவித்திருந்தார். 1860இல் பணி ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பும் வேளையில், அக்கிணற்றில் எவரும் தடையின்றி நீர் எடுக்கும் உரிமை என்றும் நிலைத்திருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மன்னரிடம் கேட்டுக்கொண்டார். தாம் போன பின் தாம் வெட்டிய கிணற்றின் கதி என்னவாகுமோ என்ற கவலை அவருக்கு இருந்தது.

அவர்தம் உரையாடல்களில் சொந்த ஊர்ப் பேச்சும் இடம்பெற்றிருந்தது. தம் இளமைக்காலத்தில் சில்டர்ன் மேட்டில் கண்ட தண்ணீர்த் துயரையும், அடிபட்ட சிறுவர்களையும் பற்றி ரீடு மன்னரிடம் கூறியிருந்தார். பிற ஊரில் வாழ்வோர் தம் ஊரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? நாமும் அலுவலகத்தில் உடன் பணிபுரியும் வங்காளியிடமும் பஞ்சாபியிடமும் நம் ஊர் ஆற்றையும் குளத்தையும் பற்றிச் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம்? கேட்போர் தலையசைத்துவிட்டு மறந்துவிடுவதே உலக வழக்கம். காசி மன்னர் மறக்கவில்லை. ரீடு இங்கிலாந்து சென்ற பிறகு, தாம் அந்நாட்டில் ஏதேனும் ஒரு தருமம் செய்ய விரும்புவதாகத் தெரிவித்து, ரீடின் ஊர்ப்பக்கத்து மக்களுக்கே ஒரு கிணறு வெட்டித் தர முன்வந்தார். தண்ணீர்க் கஷ்டம் மிகுந்த ஸ்டோக் ரோ அதற்குரிய இடமாய்த் தேர்ந்தெடுக்கப்பட்டது.

368 அடி ஆழம்

1863ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 10ஆம் நாள் பணி தொடங்கியது. அன்று வேல்ஸ் இளவரசரின் திருமண நாள். வாலிங்போர்டு நகரத்து வைல்டர் என்னும் தொழிலகத்தார் வேலையை ஏற்றனர். இயந்திரத்தின் உதவியின்றி மனிதக் கைகளே இக்கிணற்றைத் தோண்டின. வாயின் அகலம் நான்கு அடி மட்டுமே. வளர்ந்த ஆள் ஒருவர் இரு கைகளையும் முழுவதும் விரிக்க முடியாத அகலம் இது. ஆழமோ 368 அடி. தில்லியிலுள்ள அன்பர்கள் குதுப் மினாரைப் பார்த்திருப்பர். அதன் உயரம் ஏறத்தாழ 238 அடி. அத்தகைய கோபுரம் ஒன்றரையை ஒன்றன்மேல் ஒன்றாய் இக்கிணற்றுக்குள் இறக்கினாலும் மேலே சில அடி மிச்சமிருக்கும். இலண்டன் மாநகரின் தூய பவுல் பேராலயத்தின் உயரத்தைவிட இது மூன்று அடி அதிகம்.

கணக்கெழுதும் பழக்கத்தால் நாம் ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தோம். நான்கடி விட்டமும் 368 அடி ஆழமும் உள்ள குழியிலிருந்து வெளியேற்ற வேண்டிய மண்ணும் பாறையும் ஏறத்தாழ 4,600 கன அடி. அவ்வளவையும் ஒடுங்கிய வாய் வழியே மேலே ஏற்ற வேண்டும். அவ்விருட்டுக்குள் இறங்கி வேலை செய்தோரின் துணிவை என்னென்பது! மன்னரின் பெயர் மண்டபத்தில் இருக்கிறது. அவர்களை வாழ்த்துவோரும் சிலர் இருத்தல் வேண்டும்.

1864ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள், விக்டோரியா அரசியாரின் பிறந்த நாளன்று, கிணறு மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஆன செலவு 353 பவுனுக்குச் சற்று அதிகம். அதை மன்னரே ஏற்றார். நீர் எடுப்போர் காலணாவும் தர வேண்டியதில்லை. கைச்சக்கரத்தைச் சுற்றி ஒரு வாளியை மேலே கொண்டுவர ஏறத்தாழ பத்து நிமிடம் பிடித்ததாம். ஆயினும் அது தெளிந்த நீர். குட்டைக் கலங்கல் அன்று.

செர்ரித் தோட்டம்

இவ்வரலாற்றில் நம்மை மிகவும் கவர்ந்த பகுதி இனித்தான் வருகிறது. கிணறு வெட்டியதோடு கடமை முடிந்தது என்று அவர்கள் நினைக்கவில்லை. சக்கரம் தேயும், மண்டபத்துக்கு வண்ணம் பூச வேண்டும், காவலர் ஒருவர் வேண்டும். இவற்றுக்கெல்லாம் ஆண்டுதோறும் பணம் எங்கிருந்து வரும்? ஒவ்வொரு முறையும் காசிக்குக் கடிதம் எழுத இயலுமா?

இதற்கு ஒரு வழி கண்டனர். கிணற்றை அடுத்து நான்கு ஏக்கர் அளவில் நிலம் வாங்கி, அதில் செர்ரி மரங்கள் நடப்பட்டன. பழம் விற்று வரும் பணம் கிணற்றின் பராமரிப்புக்கு என்று ஒதுக்கப்பட்டது. கிணற்றுக் காவலர் வசிக்க அருகிலேயே ஒரு சிறு குடில் கட்டப்பட்டது. ரீடே முன்நின்று தோட்டத்தை அமைத்தார். மன்னரின் பெயரால் அதற்கு ‘ஈசுரி பாக்’ என்று பெயரிட்டார். காசி அரச குடும்பத்தின் சின்னம் மீன். ஆதலால் தோட்டத்தில் மீன் வடிவில் ஒரு குளம் வெட்டி, அதனை ‘மச்லி போக்ரா’ என்று அழைத்தார். ஆங்கிலேயக் குடியானவரின் வாயில் இந்துஸ்தானிப் பெயர்கள் எவ்வாறு ஒலித்திருக்குமோ! தம் வாழ்நாளின் பெரும்பகுதியை வேற்று நாட்டில் கழித்தவர், ஊர் திரும்பிய பின் அந்நாட்டின் சொற்களைத் தம் ஊர் மண்ணில் நட்டுவைத்தார் என்றே நாம் இதனைக் கொள்கிறோம்.

இம்முறை நமக்குப் புதிதன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரியைக் காப்பதற்கென்றே ஏரி வாரியம் ஒன்று இருந்ததைக் காண்கிறோம். ஏரியின் பராமரிப்புக்காக நிலம் விட்டு, அதனை ஏரிப்பட்டி என்று நம் முன்னோர் வழங்கினர். நீர்நிலையை உண்டாக்குவது பாதி அறம். அதனைக் காப்பதற்கு வழி செய்வது மற்றைப் பாதி. சில்டர்ன் குன்றின் செர்ரி மரங்களும் நம் ஏரிப்பட்டி நிலமும் உரைப்பது ஒரே உண்மையைத்தான்.

பின்னர் நிகழ்ந்தவை

மன்னருக்கும் அவ்வூருக்கும் இருந்த தொடர்பு கிணற்றோடு நின்றுவிடவில்லை. 1871இல் அரசியாரின் மகள் லூயிஸ் இளவரசியின் திருமணத்தை முன்னிட்டு ஊருக்கு ஒரு நடைபாதை அமைக்கப் பொருளுதவினார். 1882ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள் வின்ட்சர் ரயில் நிலையத்தருகே ஒருவன் அரசியாரைச் சுட்டான். அரசியார் உயிர் தப்பினார். அம்மகிழ்ச்சியைக் கொண்டாட ஸ்டோக் ரோ மக்களுக்கு மன்னர் செலவில் விருந்தும், ரொட்டியும், தேயிலையும், சர்க்கரையும் வழங்கப்பட்டன.

இக்கொடையைப் பின்பற்றி இங்கிலாந்துக்கு இந்தியரின் தண்ணீர்த் தருமங்கள் வேறு சிலவும் சென்றன. இலண்டன் ஹைட் பூங்காவில் விஜயநகரம் மகாராஜாவின் பெயரால் 1867இல் ஒரு குடிநீர் ஊற்று எழுந்தது. ரீஜண்ட் பூங்காவில் பம்பாய்ப் பார்சிப் பிரமுகரான கவாஸ்ஜி ஜஹாங்கீர் ரெடிமனி வழங்கிய ஊற்று 1869இல் திறக்கப்பட்டு இன்றும் நிற்கிறது.

ஸ்டோக் ரோக் கிணறு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஊருக்கு நீர் தந்தது. குழாய் நீர் வந்த பிறகு அதன் தேவை குறைந்தது. 1964இல் நூற்றாண்டு விழா நடந்தபோது எடின்பரோ கோமகன் பிலிப் கலந்துகொண்டார். காசியிலிருந்து கொணர்ந்த கங்கை நீர் அக்கிணற்றில் சேர்க்கப்பட்டது. பின்னர் மண்டபமும் பொறியும் பழுது பார்க்கப்பட்டு, பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாய் இன்றும் விளங்குகின்றன.

ஒரு கேள்வி

இதனைப் படிக்கும் அன்பர் ஒருவர் நம்மைப் பார்த்து, ‘ஐயா, நம் நாட்டில் தாகத்தால் வாடிய ஊர்கள் இல்லையா? ஆண்டவர்களின் நாட்டுக்கு நாம் ஏன் கிணறு வெட்ட வேண்டும்?’ என்று வினவலாம். வினா நியாயமானதே. 1860-61ஆம் ஆண்டுகளில் ஆக்ரா, தில்லி வட்டாரங்களில் கொடிய பஞ்சம் நிலவி எண்ணற்றோர் மாண்டனர். 1857இல் காசி மன்னர் ஆங்கிலேயர் பக்கமே நின்றார் என்பதும் வரலாறு. இந்தியாவின் செல்வம் இங்கிலாந்துக்கு வடிந்துகொண்டிருப்பதைத் தாதாபாய் நௌரோஜி கணக்கோடு எடுத்துக்காட்டி 1901இல் நூலாகவே வெளியிட்டார். இவற்றை மறைத்துவிட்டு மன்னரைப் புகழ்வது நேர்மையாகாது.

ஆயினும் அடிபட்டு அழுத அச்சிறுவன் எந்த நாட்டையும் ஆளவில்லை. அவனுக்குத் தாகம் இருந்தது; அவ்வளவே. தாகத்துக்கு நாடும் இனமும் இல்லை என்ற எளிய உண்மையை இக்கிணறு காட்டுகிறது. வடிந்தோடிய செல்வம் யாரிடம் போயிற்று என்று இந்த ஏழைகளுக்குத் தெரியாது. அவர்கள் கைக்கு இந்தியாவிலிருந்து வந்தது ஒரு வாளித் தண்ணீர்.

மற்றொன்றையும் மறத்தலாகாது. கிணறு இருந்தும் நீர் மறுக்கப்பட்டோர் நம் நாட்டில் பலர். மகாட் நகரின் சவுதார் குளத்தில் எல்லோரையும் போல நீர் அருந்தும் உரிமையை நிலைநாட்ட, 1927ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று ஒரு கை நீர் அள்ளிப் பருக வேண்டியிருந்தது. ஆசம்கட் கிணறு எவர்க்கும் திறந்திருக்க வேண்டும் என்று ரீடு வேண்டிக்கொண்டதன் அருமை அப்போதுதான் விளங்குகிறது. தோண்டுவது ஒன்று, காப்பது ஒன்று, எவர்க்கும் மூடாமல் வைத்திருப்பது வேறொன்று. மூன்றும் சேர்ந்தாலன்றித் தண்ணீர்த் தருமம் நிறைவு பெறாது.

நம் கடமை

நாம் வாழும் ஊர்களில் கொடைகளுக்குக் குறைவில்லை. நாம் முன்பு குடியிருந்த பகுதி ஒன்றில் குடிநீர்த் தொட்டி ஒன்று மாலை மரியாதைகளோடு திறக்கப்பட்டது. கல்வெட்டில் கொடையாளர் பெயர் பெரிதாய்ப் பொறிக்கப்பட்டது. இரண்டு கோடை கழிவதற்குள் குழாயின் திருகு போயிற்று. தொட்டியில் பாசி படர்ந்தது. ஏறத்தாழ பத்து ரூபாய்த் திருகை மாற்றுவதற்கு எவருக்கும் பொறுப்பு இல்லை. கணக்கில் அதற்கு இடமும் இல்லை. கல்வெட்டு மட்டும் தெளிவாய் நின்றது.

நம்மை வாழவைக்கும் ஊர்களில் நம் சங்கங்கள் கோடைதோறும் தண்ணீர்ப் பந்தல் வைக்கின்றன. இது பெருமைக்குரியதே. ஆயினும் பந்தல் திறக்கும் நாளில் கூடும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கினரேனும் மூன்றாம் வாரத்தில் பானையைக் கழுவி நீர் நிரப்ப வருகின்றனரா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். சங்கத்தின் வரவு செலவுத் திட்டத்தில், வைக்கும் செலவு என்று ஒரு பத்தி இருப்பதுபோல, காக்கும் செலவு என்று மற்றொரு பத்தியும் இருத்தல் வேண்டும். நிலையான குடிநீர்க் குழாய் அமைக்க முன்வரும் அன்பர்கள், அதன் பராமரிப்புக்கென்று ஒரு சிறு தொகையை வைப்பு நிதியாய் ஒப்படைக்குமாறு செயற்குழு விதி செய்யலாம். அத்தொகையே நம் செர்ரித் தோட்டமாகும். எக்குழாயும் எம்மொழியினர்க்கும் எவ்வகுப்பினர்க்கும் திறந்திருக்கும் என்பதையும் அவ்விதியிலேயே எழுதிவிடுதல் நன்று.

வருகிற பங்குனிக்குள் இதுபற்றிப் பேச உறுப்பினர்கள் ஒரு நாள் கூடுவார்களாயின், கணக்கெழுதும் வேலையை நாம் மனமுவந்து ஏற்போம்.